ஒளிவேகத்தை எட்டியதாகத் தோன்றுமா? பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயற்பியல் பாடநூல்களை எழுதும் பெருமக்களுக்கு வணக்கம்.

நிறையுள்ள எந்தப் பொருளும் ஒளியின் வேகத்தை எட்டாது என்ற வரியோடு சார்பியல் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வரி சரியானதே. எவ்வளவு ஆற்றலைக் கொட்டினாலும் வேகம் அந்த எல்லையை நெருங்குமே தவிரத் தொடாது. செர்ன் ஆய்வகத்தின் பெரும் துகள் மோதியில் சுற்றிவரும் புரோட்டான்கள்கூட ஒளியைவிட நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் பின்தங்கியே ஓடுகின்றன. ஆனால், எட்டியதாகத் தோன்றுமா என்பது வேறு கேள்வி. தோன்றும் என்பதே அதற்கு விடை. அந்த விடைக்கும் பாடத்தில் இடம் தர வேண்டுகிறேன்.

ஒளிவேகத்தில் ஏறத்தாழ 71 விழுக்காட்டு வேகத்தில், நம் பார்வைக் கோட்டுக்கு 45 பாகை சாய்வாக நம் பக்கம் வரும் ஒரு வாயுத் திரளை எடுத்துக்கொள்வோம். 10 ஆண்டுகளில் அது 5 ஒளியாண்டு நம்மை நெருங்குகிறது, 5 ஒளியாண்டு பக்கவாட்டிலும் நகர்கிறது. இறுதியில் புறப்படும் ஒளி, முதலில் புறப்பட்டதற்கு 10 ஆண்டு பிந்திக் கிளம்பினாலும், கடக்க வேண்டிய தொலைவு 5 ஒளியாண்டு குறைந்துவிட்டதால், 5 ஆண்டு இடைவெளியிலேயே நம்மை வந்தடைகிறது. வானில் நமக்குப் புலப்படுவது பக்கவாட்டு நகர்வு மட்டுமே: 5 ஆண்டில் 5 ஒளியாண்டு. அது ஒளியின் வேகமேதான்!

வேகம் மேலும் கூடிச் சாய்வும் அதற்கேற்பக் குறைந்தால், தோற்ற வேகம் ஒளியையே மிஞ்சும். பிரிட்டன் வானியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966-இல் இதை முன்கூட்டியே கணித்தார்; 1971-இல் ரேடியோ வானியலாளர்கள் குவாசர்களில் (தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மிகப் பிரகாசமான மையங்களில்) இதைக் கண்டார்கள்; எம்87 விண்மீன் மண்டலத்திலிருந்து பீறிடும் தாரையில் ஒளிவேகத்தைப்போல் 6 மடங்குத் தோற்ற வேகத்தை ஹபிள் தொலைநோக்கியின் படங்கள் காட்டின. பாடநூலின் ஒற்றை வரியை மட்டும் மனனம் செய்த மாணவர் இச்செய்தியைப் படித்தால், ஐன்ஸ்டைன் பொய்த்துவிட்டார் என்றோ வானியலாளர்கள் தவறிவிட்டார்கள் என்றோதான் எண்ணுவார். இரண்டுமே உண்மையல்ல. ஒளி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கில் கொண்டு கழித்த பிறகு கிடைக்கும் வேகத்தைப் பற்றியே சார்பியல் பேசுகிறது. அந்த வேகம் எம்87-இலும் எல்லைக்குள்தான் இருக்கிறது.

மேலே உள்ள கணக்குக்குப் பிதாகரஸ் தேற்றமும் கழித்தலும் போதும். சார்பியல் பாடத்தின் முதல் பயிற்சியாகவே அதை வையுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்