காக்கி பேண்ட்காரர்

கொலம்பஸ்
3 ஜனவரி 2015

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இந்த வாரம் நான்தான் சிரிக்க வேண்டும். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில், எங்கள் ஒகையோ ஸ்டேட் அணி புத்தாண்டு அன்று அலபாமாவை 42-35 என்று சாய்த்திருக்கிறது. 12ஆம் தேதி ஆரெகனோடு இறுதி ஆட்டம். அதுவும் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவன்) வைத்துக்கொண்டு! ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடே ருசிக்கவில்லை. வத்தக்குழம்பில் உப்பில்லை என்று சொல்லப்போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லாம் எங்கள் பரம எதிரியான உங்கள் ஊர் மிச்சிகன் அணியால் வந்தது. எப்போதும் காக்கி பேண்ட்டில் திரிகிற ஜிம் ஹார்பாவைக் கோச்சாகக் கொண்டுவந்துவிட்டீர்களே.

"ஓரத்தில் நின்று கத்துகிற ஒரு ஆளுக்கு, ஏழு வருஷம், வருஷத்துக்கு 50 லட்சம் டாலரா?" என்று போனில் உன்னைக் கேட்டேன் இல்லையா, அது சும்மா வீம்புக்கு. பேசினால் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

2008இல் உங்களுக்கு ரிச் ராட்ரிகஸ் கோச்சாக வந்தபோது நான் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்று வருஷம் இருந்தார், எங்களை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. அப்புறம் பிராடி ஹோக். 2011இல் ஒரு தடவை ஜெயித்தார். கடந்த 11 வருஷத்தில் உங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். இந்த வருஷம் 5 வெற்றி, 7 தோல்வி. அந்த மனுஷனை இன்னும் பத்து வருஷம் வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆசை.

ஹார்பா வேறு ரகம். ஸ்டான்ஃபோர்டு 2006இல் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணி. அங்கே போன முதல் வருஷமே தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியான யூஎஸ்சியை அவர்கள் மைதானத்திலேயே 24-23 என்று கவிழ்த்தார். நாலாவது வருஷம் 12 வெற்றி, ஒரு தோல்வி. அப்புறம் சான் பிரான்சிஸ்கோவின் தொழில்முறை அணி, அங்கிருந்து சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். அதில் சொந்த அண்ணனின் அணியிடம் மூன்று புள்ளியில் தோற்றார் என்பது மட்டும் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இவருக்கு நம் இரண்டு அணிகளும் மோதுகிற ஆட்டத்தின் ருசி தெரியும், அதுதான் பயம். இவருடைய அப்பா உங்கள் பழைய கோச் ஷெம்பெக்லரிடம் உதவி கோச்சாக இருந்தவர், பிள்ளை அந்த மைதானத்தைச் சுற்றி வளர்ந்தவர். 1986இல் குவார்ட்டர்பேக்காக இருந்தபோது 'ஒகையோ ஸ்டேட்டை ஜெயிப்போம், உறுதி' என்று வாய்விட்டுச் சொல்லி, கொலம்பஸுக்கே வந்து 26-24 என்று ஜெயித்துவிட்டும் போனார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், மனுஷன் பிறந்தது டொலிடோவில். நீ வீட்டுக்கு வரும்போது தாண்டி வருகிற அதே டொலிடோ. எங்கள் மாநிலத்துப் பிள்ளை!

உனக்கு 1996 ஞாபகம் இருக்காது, ஐந்து வயது. நான் இந்த ஊருக்கு வந்து மூன்றாவது வருஷம், அந்தப் பழைய அபார்ட்மென்டில் பழுப்பு சோஃபா. உங்களோடு ஆடும்வரை நாங்கள் அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பாதி ஆட்டத்தில் 9-0 என்று நாங்கள்தான் முன்னால். இடைவேளை முடிந்து வந்தவுடன் உங்கள் ஆள் ஒருவன் பந்தை வாங்கினான். அவனைக் காவல் காத்த ஷான் ஸ்ப்ரிங்ஸ், எங்கள் அணியிலேயே நம்பகமான ஆள், புல்லில் வழுக்கி விழுந்தான். 69 யார்டு ஓட்டம். கடைசியில் 13-9 என்று நீங்கள் ஜெயித்தீர்கள். நீ உன் க்ரேயானை என் கையில் திணித்து, "அப்பா, இந்தா" என்றாய். அதற்கு முந்தின வருஷமும் இதே கதைதான், அடுத்த வருஷமும். எங்கள் கோச் கூப்பர் 13 வருஷத்தில் மிச்சிகனை ஜெயித்தது இரண்டே தடவை. 2001இல் டிரெஸல் வந்த பிறகுதான் விடிந்தது. ஒரு கோச் மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அப்போது எங்களுக்கு விடிந்தது. இப்போது உங்கள் முறையோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இன்னொன்று. அங்கே நல்ல கோச் வந்தால் எங்கள் பையன்கள் வடக்கே நடையைக் கட்டுவார்கள். டெஸ்மண்ட் ஹோவர்ட் கிளீவ்லாண்ட் பையன், சார்ல்ஸ் வுட்சன் ஃப்ரீமாண்ட் பையன். இரண்டு பேரும் ஒகையோவில் வளர்ந்து, உங்கள் நீலச் சட்டையில் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார்கள். நாங்கள் வளர்த்த மாடு, உங்கள் வீட்டில் பால். (நீயும் அப்படித்தான். சரி, அதை விடு.)

ஒரே ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறேன். இந்த ஆள் தலைமை கோச்சாக எந்த இடத்திலும் நாலு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. சான் டியாகோவில் மூன்று, ஸ்டான்ஃபோர்டில் நாலு, சான் பிரான்சிஸ்கோவில் நாலு. கூட இருப்பவர்களை ஓட ஓட விரட்டுவார், கடைசியில் யாராவது ஒருவருக்குச் சலித்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் என்னென்ன செய்துவைப்பாரோ. எங்களிடமும் கோச் அர்பன் மையர் இருக்கிறார் என்று ராத்திரி படுக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

12ஆம் தேதி திங்கட்கிழமை. மறுநாள் லீவு போட முடிந்தால் வா. மூன்று மணி நேரம்தான், பனி பெய்தால் மட்டும் கிளம்பாதே. அந்த நீல ஸ்வெட்டரை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.

அடுத்த நவம்பர் 28 ஆட்டம் உங்கள் ஊரில். இரண்டு டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லிவை, பணம் நான் தருகிறேன். உங்கள் ஆட்கள் நடுவில் சீட் கிடைத்தாலும் பரவாயில்லை, சிவப்புச் சட்டைதான் போட்டுக்கொண்டு வருவேன். அந்தக் காக்கி பேண்ட்காரரைக் கிட்டத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நார்த்தங்காய் ஊறுகாய் தயார். போன தடவை கொண்டுபோன பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறாள் அம்மா.