நாலு கவர் மாத்திரை

பர்மிங்ஹாம்
14 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெபா,

ஸ்தோத்திரம். ஈஸ்டருக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்பதான் பதில் எழுதுறேன். திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா முழுசா வாசிச்சுட்டுத் திட்டு. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி சொன்னா, சந்தோஷம். இங்க எல்லாரும் சுகம். பெரியவன் காலேஜுக்குப் போயிட்டான், வீடு வெறிச்சுன்னு கிடக்கு. செல்வி மக கல்யாணத்துல நீ அந்தத் தேங்காய் பன் கதையை மேடைக்குப் பக்கத்துலயே நின்னு சொன்னியாமே! இருக்கட்டும் ஏட்டி. ஊருக்கு வரும்போது வார்டன் அக்கா குடையைப் பத்தி உன் மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிடுதேன்.

விஷயத்துக்கு வாரேன். ஜூலை கடைசியில எங்க சபையிலிருந்து பதினாலு பேர் ருமேனியாவுக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் போயிட்டு வந்தோம். லூட்டன்ல ஏறி கிரயோவாவுல இறங்கி, அங்கிருந்து வேன்ல ஒரு மணி நேரம். ரோமா மக்கள் இருக்கிற கிராமம். காலையில பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), மத்தியானம் மெடிக்கல் கேம்ப், ராத்திரி ஜெபக் கூட்டம். கேம்ப்புக்கு நர்ஸ் வேணும்னு கேட்டாங்க. ஆறு மாசம் ஜெபம் பண்ணி, லீவு சேர்த்து வச்சு, ஆசை ஆசையாப் போனேன். நாளைக்குக் காலை ஆராதனையில நான்தான் சாட்சி சொல்லணும். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம், எத்தனை பேர் ஆண்டவரை ஏத்துக்கிட்டாங்க, ரெண்டு எண்ணிக்கையும் ஸ்லைடுல வரணுமாம். 212 பேருக்கு பி.பி. பார்த்தோம். நானே கோடு போட்டு எண்ணின கணக்கு, பிசகே கிடையாது. ஆனா அதை மேடையில சொல்ல எனக்கு வாய் வரலை. சாட்சி எழுத உக்காந்தா உனக்குக் கடிதம்தான் வருது.

ஜிப்சின்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற கூடாரம், வண்டி, ஊர் ஊரா அலையிறது எல்லாத்தையும் முதல்ல எடுத்துப் போட்டுரு. அந்த வார்த்தையே வேண்டாம், ரோமான்னு சொல்லு. ஐரோப்பா முழுக்க ஒரு கோடிக்கும் மேல இருக்காங்க. நான் பார்த்தவங்க தலைமுறை தலைமுறையா அந்த ஒரே தெருவுல குடியிருக்கிறவங்க. செங்கல் வீடு, முற்றத்துல திராட்சைக்கொடி, வாசல்ல பெஞ்சு. ஊருக்குள்ள வர்ற தார் ரோடு ருமேனியர் வீடுகளோட நின்னுரும், அதுக்கு அப்புறம் புழுதி. தண்ணிக்குத் தெருமுனைப் பம்பு. ஆம்பளைகள் பாதிப் பேர் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போயிருக்காங்க. நம்ம ஊர்ப்பக்கம் நாசரேத்துல வளைகுடா போனவங்க வீடுகள் எப்படி இருக்கும்? அதே மாதிரி பாட்டிகளும் பிள்ளைகளும்தான் வீட்டுல.

சுவிசேஷமும் அங்க நமக்கு முன்னாடியே போயிருச்சு. அவங்களே கட்டின பெந்தெகொஸ்தே சபை, அவங்க ஆளே பாஸ்டர். சத்தம் போட்டு அழுது ஜெபம் பண்ணுறாங்க பாரு, நம்ம உபவாசக் கூட்டமெல்லாம் அதுக்குக் கிட்ட நிக்காது. ராத்திரிக் கூட்டத்துல ஆண்டவரை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்கன்னு எங்க டீம் தலைவர் சொன்னப்போ முப்பது பேர் தூக்கினாங்க. வருஷா வருஷம் வர்ற ஒவ்வொரு குழுவுக்கும் அதே முப்பது பேர்தான் தூக்குவாங்களாம். விருந்தாளி மனசு கோணக் கூடாதுன்னு தூக்குறாங்கன்னு அந்த பாஸ்டரே என்கிட்ட மெதுவாச் சொன்னார். அந்த முப்பதும் நாளைக்கு ஸ்லைடுல இருக்கு.

ரெண்டாம் நாள் மத்தியானம் ஒரு பாட்டி வந்தாங்க, எழுபது வயசுக்கு மேல. கலர் கலரா நீளப் பாவாடை, தலையில முண்டு. அவங்க பாஷையில பாட்டியை 'மாமி'ன்னுதான் கூப்பிடுறாங்க, கேட்டியா! மொழிபெயர்க்கிற பிள்ளை இன்னும் வந்து சேரலை. மாமி நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு, "துகல் மன் ஓ ஷெரோ"ன்னாங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. லூதியானாவுல ரெண்டு வருஷம் வேலை பார்த்தப்போ 'சிர் துக்தா ஹை'ன்னு எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்! தலை வலிக்குதுன்னு எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கலை. மூக்குக்கு நக், காதுக்கு கன், தண்ணிக்குப் பானி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வட இந்தியாவிலிருந்து கிளம்பினவங்க பாஷையில அதெல்லாம் இன்னும் அப்படியே இருக்கு. மாத்திரையை உள்ளங்கையில வச்சு மாமி எண்ணினாங்க: யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ். ஆறு வரைக்கும் நானும் கூடவே எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு எஃப்தா, ஒக்தோ, என்யா. அது மூணும் கிரேக்கமாம், வர்ற வழியில பைசாந்தியம்ங்கிற கிரேக்கப் பேரரசுல ரொம்ப நாள் தங்கினப்போ ஒட்டிக்கிட்டது. சிலுவைக்கு அவங்க சொல்ற வார்த்தை என்ன தெரியுமா? த்ருஷூல். திரிசூலம்தான் அங்க சிலுவை ஆயிருக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

பி.பி. பார்த்தேன், 210க்கு 110. ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களான்னு சைகையில கேட்டேன். எழுந்து வீட்டுக்குப் போய், நம்ம வீடுகள்ல ஊசி நூல் போட்டு வைப்போமே, அந்த மாதிரி நீல பிஸ்கட் டப்பா ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. உள்ள நாலு பிளாஸ்டிக் கவர். நாலு கோடைக்கு நாலு குழு கொடுத்த பி.பி. மாத்திரை. ரெண்டுல அம்லோடிபின், ஒண்ணு ஐந்து மில்லி, இன்னொண்ணு பத்து. ஒண்ணுல எனலாப்ரில். நாலாவது இண்டாபமைடு, காலாவதி ஆகி மூணு வருஷம். ஒரு கவர்ல சூரியனும் நிலாவும் படம் போட்டிருந்துச்சு, ஒண்ணுல ஜெர்மன், ஒண்ணுல இங்கிலீஷ். மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தலை வலிக்கிற அன்னைக்கு ஒவ்வொரு கவர்லயும் ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிடுவாங்களாம், வலிக்காத அன்னைக்கு ஒண்ணும் கிடையாது. நடுவுல கால் வீங்குச்சுன்னு ரொம்ப நாள் நிறுத்தியிருக்காங்க. அம்லோடிபின் போட்டா சிலருக்குக் கணுக்கால் வீங்கும்னு நமக்கு நர்ஸிங் ரெண்டாம் வருஷத்துலயே தெரியும். அதை அவங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. கொடுத்தவங்க எல்லாரும் முப்பது நாளைக்கு எண்ணிக் கொடுத்துட்டு விமானம் ஏறிட்டாங்க. என் பெட்டியிலயும் முப்பது நாள் மாத்திரைதான் இருந்துச்சு ஜெபா. கையில எடுத்துட்டேன், ஐந்தாவது கவரும் ரெடி.

பேர் கேட்டேன், நோட்டுல எழுத. மாமி சட்டுன்னு என் பேனாவைப் பிடிச்சுட்டாங்க. கோபமெல்லாம் இல்லை, பிடிச்ச கைதான் நடுங்குச்சு. பேர் சொல்லாமலே போயிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம்தான் அந்த ஊர் சுகாதார மீடியேட்டர் அக்காவைப் பார்த்தேன். நம்ம ஊர் வி.ஹெச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) அக்காவை நினைச்சுக்கோ, ஆனா இவங்க நர்ஸ் இல்லை. அதே தெருவுல பிறந்த ரோமா பெண்ணைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, டாக்டருக்கும் தெருவுக்கும் நடுவுல ஆளா வைக்கிறாங்க. ருமேனிய சுகாதாரத் துறை 2002லேயே இதை நாடு முழுக்கக் கொண்டு வந்துச்சு, இப்ப உள்ளூர் நிர்வாகத்துக்குக் கீழ வேலை பார்க்கிறாங்க. பிள்ளைக்குத் தடுப்பூசி, பிறப்புச் சான்றிதழ், கர்ப்பிணியைக் கூட்டிட்டுப் போறது, அடையாள அட்டை இல்லாதவங்களுக்கு அட்டை வாங்கிக் குடும்ப டாக்டர்கிட்டப் பதிவு பண்றது, எல்லாம் அவங்க தலையில. ஐந்து வருஷம் அயர்லாந்துல இருந்ததால இங்கிலீஷ் வரும். நான் பேனா கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

அப்புறம் சொன்னாங்க. 1942 மே மாசம் போலீஸ்காரங்க தெருத்தெருவா வந்து ரோமா குடும்பங்களோட பேரை எழுதினாங்களாம். உங்களுக்கு நிலம் கொடுக்கப் போறோம்னு சொன்னாங்களாம். மாமியோட அம்மா அப்ப பதினாலு வயசுப் பிள்ளை. அந்த வருஷம் ருமேனியாவை ஆண்ட அன்டொனெஸ்கு அரசாங்கம் இருபத்தைந்தாயிரம் ரோமா மக்களை நாடு கடத்தி, இப்ப உக்ரைன்ல இருக்கிற பூக் ஆத்துக்கரையில கொண்டு விட்டுச்சு. பசியிலயும் குளிரிலயும் டைஃபஸ் காய்ச்சலிலயும் பதினோராயிரம் பேர் செத்தாங்க. மாமியோட அம்மா 1944ல நடந்தே திரும்பி வந்தவங்க. கையில பேனாவோட வந்து எதாவது தாரேன்னு சொல்றவங்ககிட்டப் பேரைச் சொல்லாதேன்னு மகளுக்குச் சொல்லி வளர்த்திருக்காங்க.

நானும் அதைத்தானே செஞ்சேன்? பேனா, நோட்டு, மருந்து தாரேன்.

மீடியேட்டர் அக்காவுக்கே மாமி பேர் சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சாம். தெருவுக்காரி, உறவுக்காரி, அவங்களுக்கே! "நீங்க போனதுக்கு அடுத்த மாசம் மாத்திரை தீர்ந்து எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க. நீங்க கொடுத்தது எங்க டாக்டர் எழுதுறது இல்லை. அவர் எழுதினதை இவங்க நம்ப மாட்டாங்க, வெளிநாட்டு மருந்துதான் நல்ல மருந்துன்னு நீங்களே சொல்லாம சொல்லிட்டுப் போயிருப்பீங்க. நான் மறுபடி முதல்லயிருந்து ஆரம்பிக்கணும்"னாங்க. குரல் உயரவே இல்லை. எனக்கு முகத்தைத் தூக்க முடியலை.

மறுநாள்லயிருந்து நான் கேம்ப் மேசையில உக்காரலை. டீம்ல சிலருக்கு வருத்தம்தான். அக்காவோட வீடு வீடாப் போனேன், அவங்க சொன்ன வேலையைச் செஞ்சேன். வியாழக்கிழமை மாமியை நாங்க ரெண்டு பேரும் குடும்ப டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். நாலு கவரையும் மேசையில கொட்டினோம். டாக்டர் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு ஒரே சீட்டு எழுதினார், ரெண்டு மாத்திரை, அந்த ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. மாமி அந்த வெறும் டப்பாவைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

ஒன்பதாம் நாள் எல்லாரையும் திஸ்மானா மடத்துக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போனாங்க. மலைப்பாறை மேல வெள்ளை மடம், அதுக்குக் கீழ அருவி கொட்டுது, கண் கொள்ளாக் காட்சி. அக்காவும் வேன்ல வந்தாங்க, ஆனா வாசல்லயே நின்னுட்டாங்க. நானும் கூட நின்னேன். ரோமா மக்கள் ருமேனிய மண்ணுல இருந்ததுக்குக் கிடைச்ச முதல் எழுத்துச் சான்றே இந்த மடத்து ஆவணம்தானாம். 1385ல வலேகியாவோட (இப்ப அது தெற்கு ருமேனியா) அரசன் நாற்பது ரோமா குடும்பங்களை இந்த மடத்துக்கு உரிமையாக்கிக் கொடுத்த பத்திரம். நிலம், ஆலை, திராட்சைத் தோட்டம் மாதிரி அடிமைக் குடும்பங்கள். வலேகியாவுல மடங்களோட அடிமைகளை விடுவிச்சது 1847ல, தனியாரோட அடிமைகளை 1856ல. நானூத்தி அறுபது வருஷத்துக்கு மேல, ஜெபா, சிலுவை வச்ச கட்டடம் மனுஷரைச் சொத்தா வச்சிருந்திருக்கு! அங்க நின்னப்போ என் கழுத்துல தொங்கின சிலுவையை என்ன பண்றதுன்னு தெரியலை. அக்காவும் சிலுவை போட்டிருந்தாங்க. "ஆண்டவரை நான் விடலை, இந்த வாசலுக்குள்ள மட்டும் போறதில்லை"ன்னாங்க. 2019ல போப் பிரான்சிஸ் ப்ளாஜ் ஊருக்கு வந்து, ரோமா மக்கள் முன்னாடி திருச்சபையோட பேரால மன்னிப்புக் கேட்டதை டி.வி.யில பார்த்து மாமி அழுதாங்களாம்.

திரும்பி வந்து எங்க பாஸ்டர்கிட்டப் பேசினேன். அடுத்த வருஷம் பதினாலு பேர் வேண்டாம், ரெண்டு நர்ஸ் போதும், ஏப்ரல்லயும் அக்டோபர்லயும், அதே ஊருக்கு, அந்த அக்கா சொல்ற வேலைக்கு. பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் அந்தச் சபை வாலிபர்களே நம்மளைவிட நல்லாச் செய்வாங்க. ஒருத்தருக்குத் தொள்ளாயிரம் பவுண்டு செலவாச்சு, மிச்சப்படுறது எவ்வளவுன்னு நீயே பெருக்கிப் பாரு. பாஸ்டர் யோசிக்கிறேன்னார். ஊழியத்தையே குறை சொல்றியான்னு இன்னொருத்தர் கேட்டுட்டார், ராத்திரியெல்லாம் அழுதேன். எங்க டீம்ல பத்தொன்பது வயசுப் பிள்ளை ஒருத்தி, தங்கமான பிள்ளை, கிளம்புற அன்னைக்குக் குட்டிப் பையன் ஒருத்தன் அவ கழுத்தைக் கட்டிக்கிட்டுப் போன வருஷத்து 'பீபி' எப்ப வருவான்னு கேட்டான். பீபின்னா அத்தை. அவ என்ன பதில் சொல்லுவா, பாவம்? அவளை நான் எப்படிக் குறை சொல்லுவேன்? எனக்கு அந்த மக்கள் வேணும் ஜெபா, அதனாலதான் கேக்குறேன். பாஸ்டர் என்ன சொன்னாலும் சரி, அக்டோபர் 19ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுட்டேன். நாளைக்கு 212ஐச் சொல்ல மாட்டேன், டப்பா கதையைச் சொல்லப் போறேன். ஜெபம் பண்ணிக்கோ. போன வாரம் அக்கா வாட்ஸப்புல அனுப்பினாங்க: மாமிக்கு 150க்கு 90!

இப்ப உன் விஷயம். உங்க சர்ச் சேகரத்திலிருந்து டிசம்பர்ல நரிக்குறவர் குடியிருப்புக்கு மெடிக்கல் கேம்ப் போறதா எழுதியிருந்தே. போ, வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா போறதுக்கு முன்னாடி அந்த ஏரியா வி.ஹெச்.என். யாருன்னு விசாரி. 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா அங்க வாராங்களான்னு கேளு. ஆரம்ப சுகாதார நிலையத்துல என்ன மாத்திரை கொடுக்காங்களோ அதையே நீயும் கொடு, கம்பெனி சாம்பிள் எதையும் எடுத்துட்டுப் போகாதே. ஜனவரியிலயும் போக முடியாதுன்னா சபை ஐயர்கிட்ட இப்பவே பேசு.

இன்னொரு உதவி. படிக்கிற காலத்துல மூணு வருஷம் சனிக்கிழமை தோறும் வேன்ல அந்தத் தேரிக்காட்டு ஊருக்குப் போவோமே, அந்தச் சிவப்பு பைண்டு நோட்டு உங்க அம்மா வீட்டுப் பரண்லதான் இருக்கணும். அங்க பாட்டிமார் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்கன்னு நாம பேரே இல்லாம 'வேப்பமரத்து வீடு', 'கிணத்தடி வீடு', 'ரெட்டைத் திண்ணை வீடு'ன்னு எழுதி வச்சோம், ஞாபகம் இருக்கா? ஒரு ஆள்கூட விட்டுப் போகலை. கட்டம் எப்படிப் போட்டோம், எந்தக் கட்டத்துல என்ன எழுதினோம்னு எனக்குச் சரியா நினைவு இல்லை. நாலைந்து பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு, அக்காகிட்டக் காட்டணும். மாமி வீட்டு வாசல்ல பெரிய வால்நட் மரம் இருக்கு.

பரண்ல நீ ஏறாதே, முட்டுவலியோட. தம்பியை ஏறச் சொல்லு.

அன்புடன்,
உன் கிறிஸ்டி