அந்தக் கழித்தல் குறி எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், "எண்ட்ரோபி கூடினால் குடல் ஆரோக்கியமாக இருக்கிறது என்று கணினி நிரூபித்துவிட்டது" என ஒரு வரி. அதைப் படித்ததும் கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று.

எண்ட்ரோபி என்பது ஒரு கூட்டம் எத்தனை வகையாக, எவ்வளவு சமமாகப் பிரிந்திருக்கிறது என்பதன் அளவு. தந்தி, தொலைபேசிச் செய்திகளை அளக்க 1948-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஷானன் கொடுத்த சூத்திரம் அது. அதற்கு விகிதம் மட்டுமே தெரியும், பெயர் தெரியாது. நான்கு வகை பாக்டீரியா சம அளவில் இருந்தால் விடை 2 பிட் (மடக்கையின், அதாவது லாகரிதத்தின், அடிமானம் 2 என்றால் வரும் அலகு). நான்கும் நல்லவையா, நான்கும் வயிற்றைக் கலக்குபவையா என்று அது கேட்பதே இல்லை. என் பேத்திக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். அந்த வயதுக் குடலில் பெரும்பாலும் பிஃபிடோபாக்டீரியம் என்ற ஒரு வகையின் ராஜ்ஜியம்தான், அதனால் எண்ட்ரோபி குறைவாகத்தான் இருக்கும். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறாள். தங்கள் வரியை அவளுக்குப் படித்துக் காட்டட்டுமா?

அப்புறம், "கணினி நிரூபித்தது". முப்பது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு மருமகனின் பழைய மடிக்கணினியில், உயிரினங்கள் ஒன்றையொன்று பாதித்துப் பெருகுவதையும் குறைவதையும் கணக்கிடும் லோட்கா–வோல்டெரா சமன்பாடுகளை வைத்து ஐந்து பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தேன். யார் யாரை ஒடுக்குவது, யாருடைய கழிவை யார் தின்பது எல்லாம் நானே எழுதிக் கொடுத்தது. கொஞ்சம் தற்செயல் ஆட்டமும் சேர்த்தேன். பிறகு ஒன்றும் தெரியாதவன்போல எண்ணிக்கைகளை மட்டும் எடுத்து மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் (ஒன்றின் எண்ணிக்கை தெரிந்தால் மற்றதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்ற அளவு) கணக்கிட்டால், இரண்டாவதற்கும் ஐந்தாவதற்கும் நெருங்கிய உறவாம்! நான் அப்படி எதுவும் வைக்கவில்லை. இரண்டும் மூன்றாவது கக்கும் அசிட்டேட் என்ற கழிவை நம்பிப் பிழைத்தன, அவ்வளவுதான். எண்ணிக்கையை விகிதமாக மாற்றியதும் நிலைமை இன்னும் மோசம். ஒன்று பெருகினால், இருந்த இடத்தில் இருந்த மற்றவை எல்லாம் இளைத்ததுபோலத் தெரிந்தன. மலப் பரிசோதனையில் பெரும்பாலும் கிடைப்பது இந்த விகிதம்தான் என்பது தாங்கள் அறியாததா? விடையை நாமே ஒளித்துவைத்திருப்பதால், அளவுகோல் எங்கே பொய் சொல்கிறது என்று கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கணினிக் குடல். நாம் ஊட்டிய விதியை அது திருப்பிக் கக்கினால் அதற்குப் பெயர் நிரூபணமா?

போன வருடம் ஓர் ஆய்வகத்தில் காசு கொடுத்து என் குடலையும் சோதித்தேன். "பன்மைக் குறியீடு 2.1, குறைவு" என்று வண்ணத்தாளில் வந்தது. இதுவும் அதே எண்ட்ரோபிதான். சூத்திரத்தில் உள்ள மடக்கையின் அடிமானம் என்ன என்று கேட்டேன். "சார், மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க, கூடிடும்" என்றார்கள். இயல் மடக்கையில் (அடிமானம் e) 2.1 என்பது பிட் கணக்கில் 3-ஐத் தாண்டும். வயிறு மாறவில்லை, அடிமானம்தான் மாறியது. மாத்திரையே வேண்டாமே! அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் தங்கள் கட்டுரை இலவச விளம்பரம்.

தங்களுக்கு இது புதிதும் அல்ல. உடலில் மனித செல்களைவிட பாக்டீரியா 10 மடங்கு என்று முன்பு ஒருமுறை போட்டீர்கள். 2016-லேயே அதைத் திருத்திக் கணக்கிட்டாயிற்று. பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. இதை நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். "தங்கள் இதழைத் தொடர்ந்து படித்து மகிழ்கிறேன்" என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி. நான்கு பக்க அறிவியல் ஒரு பக்கமாகச் சுருங்கியபோதும் ராசிபலனில் ஒரு வரிகூடக் குறையவில்லை, அதற்கும் நன்றி.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையில் தாங்கள் அச்சிட்ட எண்ட்ரோபி சூத்திரத்தின் முன்னால் கழித்தல் குறி விழவில்லை. அது இல்லாவிட்டால் நான்கு பாக்டீரியாவுக்கும் சேர்த்து விடை −2 என்று வரும். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். சின்னக் கோடுதான், ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்,
கும்பகோணம்