லடாக் போகிற ஜீப்புக்கு முதலில் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவையில் ஜீப், தார், ஜிப்ஸி போன்ற, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் நான். மே மாதம் பிறந்தாலே லடாக் போகிற வண்டிகள் பட்டறைக்கு வர ஆரம்பித்துவிடும். தம்பிகளின் ஆர்வத்தைப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. எதற்கு முதலில் செலவு செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் கவலை. கூரையில் கேரியர், முன்னால் எல்இடி பார், அகலமான டயர் எல்லாம் போட்டு முடித்துவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து, "அண்ணா, ஆயில் மட்டும் மாத்திக் குடுங்க, விடியக்காலை கிளம்பறோம்" என்கிறார்கள்.

நான் முதலில் கழற்றிப் பார்ப்பது, சக்கரம் உராயாமல் சுழலத் தாங்குகிற வீல் பேரிங்கைத்தான். டயர் பெரிதாகப் பெரிதாக அதன் மேல் விழும் சுமையும் கூடும். மணாலி – லே சாலையில் பனி உருகி வரும் ஓடைகள் பல இடங்களில் ரோட்டின் குறுக்கே ஓடும்; வெயில் ஏற ஏறத் தண்ணீரும் கூடும். பேரிங்கை அடைத்திருக்கும் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் போய், கிரீஸ் வெளுத்து மோர் மாதிரி ஆகிவிடும். அப்புறம் பேரிங் அதிக நாள் தாங்காது. கழற்றி டீசலில் கழுவி, உருளைகளில் புள்ளியோ நீலம் பாய்ந்த தடமோ இருந்தால் மாற்றி, புது கிரீஸ், புது சீல் போட்டு, ஆட்டம் சரிபார்த்து மூட வேண்டும். இதை அவசரத்தில் செய்ய முடியாது.

பிரேக் ஆயிலை அநேகமாக யாருமே நினைப்பதில்லை. டப்பாவில் அளவு இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். சுமையோடு நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே ஆவி உண்டாகி, பெடல் தரைவரை போய்விடும். இரண்டு வருடம் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லே பக்கத்தில் இருக்கும் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 83 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். இரவில் உறைந்தும் போகும். கூலண்ட் வேண்டும், அதைவிட முக்கியம், சீக்கிரம் கொதிக்காதபடி உள்ளே அழுத்தம் பிடிக்கிற நல்ல ரேடியேட்டர் மூடி. அதற்கு ஆகும் செலவு ஒரு எல்இடி விளக்கின் விலைகூட இல்லை.

இதெல்லாம் முடிந்ததும் நேராக வடக்கே போகாதீர்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர், கூடாரம் என்று கொண்டுபோகிற மொத்தச் சாமானையும் ஏற்றி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி வாருங்கள். கீழே வந்ததும் நாலு ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள், புதுப் பட்டை போட்டிருந்தால் கட்டாயம் தளர்ந்திருக்கும். ஃபோர் வீல் லீவரை மண் பாதையில் போட்டு எடுத்துப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். மாதக்கணக்கில் தொடாத லீவர் தேவைப்படும்போது விழாது.

பட்டறை வைத்திருக்கும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். நெடும்பயணம் போகிற வண்டி என்று தெரிந்தால், கேட்டார்கள் என்பதற்காக அன்றைக்கே ஆயில் மாற்றி அனுப்பாதீர்கள். உங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் லடாக் பற்றி எழுதும்போது, தங்கும் இடம், அனுமதிச் சீட்டு ஆகியவற்றோடு வண்டியை மூன்று வாரத்துக்கு முன்பே மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜீப் மெக்கானிக் ஒருவர்,
கோவை.