ஆவணம் ஒருவரிடம், நிரூபிக்கும் சுமை இன்னொருவரிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைக்குள் நோய் தொற்றியவர்களுக்கு மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வெளியிலும் பரவியது, உள்ளேயும் பரவியது, எங்கே தொற்றியது என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்கிறார் கட்டுரையாளர். நான் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலான நேரங்களில் என்னால் சொல்ல முடியும். என் மேசையில் இருந்த பதிவேடு இன்னும் தெளிவாகச் சொல்லும்.

பெருந்தொற்றின் தொடக்க காலத்தில், கொரோனா தொற்றினால் அறிகுறி தெரியப் பொதுவாக ஐந்தாறு நாட்கள் ஆயிற்று. 14 நாட்களைத் தாண்டியது அரிது. இந்தக் கணக்கை வைத்துத்தான் இங்கிலாந்தில் வகை பிரித்தார்கள். ஒருவர் சேர்க்கப்பட்டு 15 நாட்களோ அதற்கு மேலோ ஆன பிறகு தொற்று தெரியவந்தால், அது மருத்துவமனையில் வந்ததுதான். 8 முதல் 14 நாட்களுக்குள் என்றால் அநேகமாக அங்கே வந்தது. 3 முதல் 7 நாட்களுக்குள் என்றால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. கட்டுரையாளர் சொல்லும் குழப்பமெல்லாம் இந்தக் கடைசி வகைக்கு மட்டுமே பொருந்தும்.

இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட ஒரு முதியவரின் கேஸ் ஷீட்டைச் சொல்கிறேன். சேர்த்தபோது பரிசோதனையில் தொற்று இல்லை. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மூன்றாவது வாரம் காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல், பிறகு மரணம். மகளிடம் கொடுத்த சுருக்கக் குறிப்பில் வயது மூப்பு, சர்க்கரை நோய், கொரோனா என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அதில் எழுதாதது என் பதிவேட்டில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இரண்டு நாட்களாக இருமிக்கொண்டிருந்தார். அவருடைய பரிசோதனை முடிவு வரவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு துணித் திரை. ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி அந்த வரிசைக்கே ஒன்றுதான். அது ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத் துடைக்கப்படாமலே போய்க்கொண்டிருந்தது. ஏசி போட்டதிலிருந்து ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டார்கள். இருமியவரை மாற்றத் தனி அறை இல்லை என்றது நிர்வாகம். அறை இருந்தது. யாரோ முக்கியஸ்தர் வந்தால் தேவைப்படும் என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

இரவுப் பணியில் அந்த வார்டின் இரண்டு வரிசைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்மீது வழக்குப் போடச் சொல்வீர்களா? எனக்கு மனம் வராது, நியாயமும் இல்லை. அவருக்கே சரியான முகக்கவசம் கொடுக்கவில்லை. ஆனால் அறையைப் பூட்டிய சாவி நிர்வாகத்தின் கையில் இருந்தது. தனிமனிதரின் தவறு வேறு, நிறுவனத்தின் பொறுப்பு வேறு என்பதைக் கட்டுரை வசதியாகக் கலந்துவிடுகிறது. மருத்துவரையும் செவிலியரையும் காப்பாற்ற வேண்டும் என்று தொடங்கி, கடைசியில் நிர்வாகத்தைக் காப்பாற்றுவதில் போய் முடிகிறது.

அந்த மகள் நீதிமன்றம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? பல நாடுகளில் வழக்கம் ஒன்றுதான்: அலட்சியம் நடந்தது, அதனால்தான் இழப்பு நேர்ந்தது என்று இரண்டையும் பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டும். எந்தக் கட்டிலில் யார் இருந்தார், யாருக்கு எப்போது முடிவு வந்தது, அன்றிரவு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்ற காகிதம் முழுவதும் எதிர்த்தரப்பின் அலமாரியில். பார்வையாளர்களைக்கூட உள்ளே விடாத காலம் அது. கண்ணால் பார்க்கக்கூட முடியாத ஒரு வார்டைப் பற்றி மகள் சாட்சியம் சொல்ல வேண்டுமாம்!

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் 2013இல் சேர்த்த பிரிவின்படி, மருத்துவமனை முழுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கக்கூடிய ஆபத்தால் நோயாளிக்குக் கேடு வந்தால், தவறு நடந்ததாகவே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது மருத்துவமனையின் வேலை. செய்ய வேண்டிய முக்கியமான ஒன்றைப் பதிவு செய்யாவிட்டால், அதைச் செய்யவில்லை என்றே கருதப்படும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது விதிதான். கேஸ் ஷீட்டைக் காலியாக விடுவதால் ஆதாயம் கிடைக்காது.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2002 மார்ச் சட்டப்படி, மருத்துவமனைக்குள் வந்த தொற்றுக்கு மருத்துவமனையே பொறுப்பு. தனக்கு அப்பாற்பட்ட வெளிக்காரணத்தால் நேர்ந்தது என்று காட்டினால்தான் தப்பலாம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னொரு சட்டம், உயிரிழப்புக்கும் கடுமையான நிரந்தரப் பாதிப்புக்கும் பொது நிதியிலிருந்து இழப்பீடு தர வழி செய்தது.

நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. நியூயார்க் மாகாணம் 2020 ஏப்ரலில் மருத்துவமனைகளுக்கும் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் வழக்குகளிலிருந்து பரந்த விலக்கு கொடுத்தது. மறு ஆண்டே அதை ரத்தும் செய்தது. கனடாவில் 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் தொற்றியவர்கள் அரசுமீது தொடுத்த வழக்குகளை, தனிநபர்களுக்கு அரசு அப்படியொரு கடமைப்பட்டிருக்கவில்லை என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தள்ளிவிட்டது. தோற்றவர்களில் செவிலியர்களும் உண்டு. கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

கட்டுரையில் ஒரு வாதம் மட்டும் எடுபடும். 2020இன் முதல் மாதங்களில் பரிசோதனைக் கருவி இல்லை, கவசம் இல்லை, எப்படிப் பரவுகிறது என்பதே சரியாகத் தெரியவில்லை. காற்றில் பரவுவதை உலக சுகாதார நிறுவனம் தயக்கமில்லாமல் சொல்ல 2021 ஆயிற்று. அந்த மாதங்களுக்காக யாரையும் கூண்டில் ஏற்ற நான் கேட்கவில்லை. ஆனால் நெரிசலான அவசர சிகிச்சைப் பிரிவு என்ன செய்யும் என்பது புதிய செய்தியா? 2015இல் தென்கொரியாவில் மெர்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது ஒரே நோயாளியிடமிருந்து ஒரே மருத்துவமனையில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. அதற்குப் பிறகும் காற்றோட்டத்தைக் கவனிக்காத நிர்வாகம், எதிர்பாராத பேரிடர் என்று கைவிரிப்பது பொருந்தாது. இரண்டாவது, மூன்றாவது அலைகளில் அப்படிச் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

பொறுப்பு சுமத்தினால் மருத்துவமனைகள் நோயாளிகளைச் சேர்க்கவே அஞ்சும் என்றும் எழுதியிருக்கிறார். பொது நிதி இருந்தால் அந்த அச்சம் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி இருக்கட்டும். பூட்டிய அறையைத் திறக்க அது உதவும்.

அடுத்த பெருந்தொற்றுக்கு முன் சட்டம் இயற்றுவோர் கவனிக்க ஒரு சிறு கோரிக்கை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இறந்தவரின் சுருக்கக் குறிப்பிலும் சேர்த்த நாள், ஒவ்வொரு பரிசோதனையின் நாளும் முடிவும், எந்தெந்த வார்டில் எந்தெந்தக் கட்டில், அருகில் இருந்தவருக்குத் தொற்று உறுதியானதா என்ற நான்கையும், மற்ற நோயாளிகளின் பெயரைத் தவிர்த்து, கட்டாயமாக்க வேண்டும். குடும்பத்தார் கேட்காமலே நகல் தர வேண்டும். எழுத நேரம் இல்லை என்று நிர்வாகங்கள் சொல்லும். நாங்கள் அதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்