லோபுக்கு ஏழு மார்க்கா?

கோயம்புத்தூர்
26 ஜனவரி 2022

அன்புள்ள துரை,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று மாலதி சொன்னாள். நல்லது. படுத்த இடத்தில் கிடக்கிறவனுக்கு மூளை கொஞ்சம் தாறுமாறாக ஓடும் என்பது மான்டி கார்லோ கார் ரேலியில் ஓட்டியவர்களுக்கு நீ போட்டு அனுப்பிய மார்க் லிஸ்ட்டைப் பார்த்ததும் தெரிந்தது. செபாஸ்டியன் ஓஜியேவுக்குப் பத்தாம், ஜெயித்த செபாஸ்டியன் லோபுக்கு ஏழாம்! நீ வாத்தியார் வேலைக்குப் போகாமல் துறைமுகத்துக்குப் போனது தூத்துக்குடிப் பிள்ளைகள் செய்த புண்ணியம். போனில் பதில் சொன்னால் பாதியில் புகுந்து உன் பாட்டையே பாடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். குடியரசு தின லீவு, பட்டறை பூட்டிக் கிடக்கிறது, படித்து முடிக்கும்வரை உன்னால் குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு இல்லையா, இங்கே தெருவில் ஒரு பால் வண்டிகூட இல்லை. பையன் சந்தா கட்டி, லேப்டாப்பை டிவியோடு இணைத்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அவனுக்கு ரேலி பிடிக்காது. "யாரு முன்னால போறான்னே தெரியலையே, இதுல என்னப்பா இருக்கு" என்பான். செட்டிபாளையம் டிராக்கில் பத்து கார் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வளைவுக்குள் நுழைவதைப் பார்த்து வளர்ந்தவன், வேறு எப்படிப் பேசுவான். மலைப்பாதையை ஸ்டேஜ் ஸ்டேஜாகத் துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கார், பக்கத்தில் எதிராளி இல்லை, கடிகாரம் மட்டும்தான் எதிராளி என்பது அவனுக்கு இன்னும் ஏறவில்லை. மான்டி கார்லோவை உட்கார்ந்து பார்க்க அவனுக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வாதம் என்ன? "கடைசிக்கு முந்தைய ஸ்டேஜில் ஓஜியே டயர் பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார். லோபுக்குக் கிடைத்தது பிச்சை." முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஸ்டேஜுக்குள் போகும்போது ஓஜியே 24 விநாடிக்கு மேல் முன்னால் இருந்தார். வெளியே வரும்போது 9.5 விநாடி பின்னால். அவ்வளவும் ஒரு முன்பக்க டயர் செய்த வேலை.

ஆனால் மூன்றாவதாக வந்த கிரெய்க் ப்ரீன் எங்கே இருந்தார் என்று பார்த்தாயா? ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் பின்னால். லோப் வீட்டில் உட்கார்ந்திருந்தார் என்று வைத்துக்கொள். அதே பஞ்சர், அதே இடம், அதே நஷ்டம். ஓஜியே என்ன ஆகியிருப்பார்? ஒரு நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் சாவகாசமாக ஜெயித்திருப்பார். டயர் வெடித்ததை ஒரு வரிச் செய்தியாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பஞ்சரைத் தோல்வியாக மாற்றியது, 296 கிலோமீட்டரும் அவர் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு பின்னாலேயே ஒருத்தர் இருந்தது. மூன்று மணி நேர ஓட்டத்தில் 25 விநாடிக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிச்சை என்றால், நம் பட்டறையில் யாருக்கும் நான் சம்பளமே தர வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ஜம்ப் ஸ்டார்ட். கடைசி ஸ்டேஜில் ஸ்டார்ட் சிக்னல் வருவதற்குள் ஓஜியே கிளம்பிவிட்டார், பத்து விநாடி அபராதம். மொத்த வித்தியாசம் 10.5 விநாடி. அதிலிருந்து பத்தைக் கழித்துப் பார், அரை விநாடி மிஞ்சுகிறது. அதாவது அபராதமே இல்லாவிட்டாலும் அரை விநாடியில் தோற்றுத்தான் இருப்பார். இதை நான் காகிதத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை. ஒன்பதரை விநாடியைப் பதினான்கு கிலோமீட்டரில் பிடித்துவிடலாம் என்று நினைத்து, அரை விநாடி மட்டும் மிச்சம் வைத்து எல்லாவற்றையும் பிடித்திருக்கிறார். அதனால் எட்டு முறை உலக சாம்பியனை நான் குறைத்துப் பேசவில்லை. பதறிவிட்டார், அவ்வளவுதான். பத்துக்குப் பத்து போடும்போது பதற்றத்துக்கு நீ ஏதாவது கழிக்க வேண்டாமா?

நாலு நாளும் எப்படி மாறி மாறிப் போயிற்று பார். வியாழக்கிழமை இரவு, டுரினி கணவாயின் இருட்டில், ஓஜியே முன்னால். வெள்ளிக்கிழமை லோப் ஸ்டேஜுக்கு மேல் ஸ்டேஜாக வாங்கி, படுக்கப் போகும்போது 9.9 விநாடி முன்னால். சனிக்கிழமை மறுபடி ஓஜியே, இரவில் 21.1 விநாடி முன்னால். ஞாயிறு உனக்கே தெரியும். இதில் சனிக்கிழமை கடைசி ஸ்டேஜ் இருக்கிறதே, சான் ஜெனியேவிலிருந்து தோவார் வரை, அதுதான் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பக்கம் வெயில் காயும் தார் ரோடு, மலையின் நிழல் விழுகிற பக்கம் பனியும் பனிக்கட்டியும். நம் கோத்தகிரி ரோட்டில் நவம்பர் மழையில் ஒரு வளைவு காய்ந்தும் அடுத்தது பாசி பிடித்தும் கிடக்குமே, அதைப் பத்தால் பெருக்கிக்கொள். அங்கே ஓஜியே போட்ட நேரத்துக்கு மட்டும் நான் பத்து தருவேன். காப் ஊர்க்காரர், அந்த மலைகளில் வளர்ந்தவர், எந்த நிழலில் பனி ஒளிந்திருக்கும் என்று ரத்தத்திலேயே தெரியும் போலிருக்கிறது. லோப் அங்கேதான் தன் நஷ்டத்தில் ஒரு பெரிய பங்கை வாங்கினார். ஆனால் தடம் விட்டு வெளியே போகவில்லை. எல்ஃபின் எவன்ஸ் அன்று காலையில் போனார், மூன்றாம் இடத்துக்கான சண்டையையும் சேர்த்துக்கொண்டு போனார்.

இன்னொன்றை நீ கணக்கிலேயே எடுக்கவில்லை. லோப் 14ஆம் தேதி சவுதி மணலில் டக்கார் பாலைவன ரேலியை முடித்து இரண்டாவதாக வந்தார். 20ஆம் தேதி ஆல்ப்ஸ் பனியில் நிற்கிறார். கார் புதுசு. பேட்டரி மோட்டார் சேர்ந்த இந்த ஹைபிரிட் கார்கள் எல்லாருக்குமே புதுசுதான், அது சரி. ஆனால் மற்றவர்கள் மாதக்கணக்கில் அதையே ஓட்டிப் பழகினார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றுவது இந்த வருஷத்திலிருந்து போய்விட்டது, பழையபடி கையால் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கு போடும் நடு டிஃபரன்ஷியலும் இல்லை. கார் கொஞ்சம் முரட்டுத்தனமாகிவிட்டது. பழைய கைகளுக்கு இது தோதாகப் போயிருக்கலாம். இருபத்தொரு வயது ரோவன்பெராவைப் பார், வியாழன் இரவு காரோடு மல்லுக்கட்டிப் பின்தங்கினார். அப்புறம் நாளுக்கு நாள் அதைப் பழக்கி, நான்காவதாக வந்து, கூடுதல் புள்ளி கிடைக்கும் கடைசி ஸ்டேஜான பவர் ஸ்டேஜையும் வாங்கிக்கொண்டு போனார். நீ அவருக்கு ஆறு போட்டிருக்கிறாய். வியாழக்கிழமைக்கு நாலு போடு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது போடு. இந்த வருஷம் முடிவதற்குள் உன்னை அந்தப் பையன் மன்னிப்புக் கேட்க வைப்பான் என்று எழுதி வைத்துக்கொள்.

ப்ரீனைச் சவசவ என்று எழுதியிருக்கிறாய். புது டீமில் முதல் ரேலி, காரை வீடு சேர்க்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்ட ஆள். அதே டீமின் அட்ரியன் ஃபோர்மோ வெள்ளிக்கிழமை காலையில் தடுப்பைத் தாண்டிப் பள்ளத்தில் உருண்டதைப் பார்த்த பிறகும் கை நடுங்காமல் ஓட்டினாரே. நான் எட்டு தருகிறேன். கிரீன்ஸ்மித்துக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ஸ்டேஜ் வெற்றி கிடைத்தது, ஐந்தாம் இடம், அவருக்கும் நல்ல வாரம். ஹூண்டாய் பக்கம் என்னைக் கேட்காதே. நூவிலுக்கு அதிர்வு தாங்கும் டேம்பர் உடைந்தது, டானக் பாதியில் மூட்டை கட்டினார், சின்னப் பையன் சோல்பெர்க் காருக்குள் புகையைக் குடித்துக்கொண்டு ஓட்டினார். அந்த மூவருக்கும் மார்க் போடுவது, வண்டி மாடு நொண்டும்போது வண்டிக்காரனுக்கு மார்க் போடுவது மாதிரி.

இப்போது உன் லிஸ்ட்டில் இல்லாத ஒரு பெயருக்கு வருகிறேன். அது இல்லாததுதான் எனக்கு உண்மையான கோபம். லோபின் நேவிகேட்டர் இசபெல் கல்மிஷ். லோபின் இதற்கு முந்தைய 79 வெற்றிகளிலும் பக்கத்து சீட்டில் டேனியல் எலெனா இருந்தார். அந்த சீட்டில் உட்கார்ந்து, முதல் வாய்ப்பிலேயே எண்பதாவதை வாங்கிக் கொடுத்திருக்கிறார் ஒரு கணக்கு டீச்சர். ஆமாம், பள்ளிக்கூட டீச்சர். திங்கட்கிழமை பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஒரு பெண் உலக ரேலியில் ஜெயித்தது 1997க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அப்போது ஜெயித்தவரும் நேவிகேட்டர்தான், ஃபாப்ரிஸியா போன்ஸ், அதுவும் இதே மான்டியில்.

மான்டியில் நேவிகேட்டர் வேலை என்ன என்று உனக்கு மறந்துவிட்டது, ஏனென்றால் நீ எப்போதும் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தவன். கார் கிளம்புவதற்கு முன்னால் வேறொரு குழு அதே பாதையில் போய், எங்கே பனிக்கட்டி, எங்கே மண், எங்கே ஈரம் என்று குறித்துக்கொண்டு வரும். அதையெல்லாம் தன் நோட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஏற்கெனவே எழுதியதன் மேலேயே. பிறகு அந்தக் குலுக்கலில் ஒரு வரி பிசகாமல், முன்னதாகவும் இல்லாமல் பின்னதாகவும் இல்லாமல் வாசிக்க வேண்டும். அவர்கள் குறித்துவிட்டு வந்த பிறகு வெயில் ஏறிப் பனி உருகியிருக்கலாம், முன்னால் போன கார்கள் உள்வளைவின் மண்ணை ரோட்டில் இழுத்துப் போட்டிருக்கலாம். அது ஓட்டுபவர் பாடு. ஆனால் "பனி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டால் இரண்டு பேரும் பள்ளத்தில்தான்.

நாம் மாருதி 800ல் போன அந்த டிஎஸ்டி ரேலியில் (நேரம், வேகம், தூரம் கணக்குப் போட்டு ஓட்டுவோமே), வழி காட்டும் டுலிப் சார்ட்டில் ஒரு பெட்டியைத் தாண்டிப் படித்து, உன்னை நேராகத் தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய் விட்டேனே, நினைவிருக்கிறதா? இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் நமக்கும் இரண்டு வெட்டிக் கொடுத்தார். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே, "அடுத்தது சொல்லு" என்றாய். கல்மிஷ் பெயரை நீ விட்டதில் எனக்கு இவ்வளவு எரிச்சல் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவனை டைம் ஷீட் எப்போதும் மறந்துவிடும், அது போகட்டும். நீயுமா?

என் மார்க் இதோ. ஓஜியே ஒன்பதரை. வேகத்தில் அவர்தான் ஒரு நூல் மேல், சனிக்கிழமைக்காக இதை ஒப்புக்கொள்கிறேன், அரை மார்க் ஜம்ப் ஸ்டார்ட்டுக்குக் கழிவு. லோப் ஒன்பது. கல்மிஷ் பத்து. இதில் திருத்தம் கிடையாது.

லோப் 1974ல் பிறந்தவர் துரை. நம் வயசு. உலக ரேலியில் ஜெயித்தவர்களில் இவர்தான் இப்போது வயதில் மூத்தவர், இதற்கு முன் 1990 சஃபாரி ரேலியில் வால்டகார்ட் 46 வயதில் ஜெயித்ததுதான் பெரிதாக இருந்தது. 2003ல் லோப் முதல் மான்டியை ஜெயித்தபோது நாம் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் ஆறு வரிச் செய்தியாகப் படித்தோம், நீ அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டினாய். அதன் பிறகு 2004 முதல் 2021 வரை 18 உலக சாம்பியன் பட்டங்களில் 17 இந்த இரண்டு செபாஸ்டியன்களிடம் போனது. இந்த 2022 மான்டியோடு அங்கே ஆளுக்கு எட்டு வெற்றி, சமம். நமக்கு மட்டும் சாளேஸ்வரம் வந்து, ராத்திரியில் அவிநாசி ரோட்டில் எதிர் லைட் அடித்தால் கண் கூசுகிறது. பவர் ஸ்டேஜ் முடிந்து லோப் காரின் மேல் ஏறி நின்றபோது நான் தனியாக ஹாலில் கைதட்டினேன். சரஸ்வதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

இங்கே மற்ற செய்திகள் குறைவு. ஃபவுண்டரிகளுக்கு வார்ப்பு இரும்பு விலை ஏறியதால் ஆர்டர் மெதுவாக வருகிறது. பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, இந்த வருஷமாவது நேரில் நடக்குமா என்று தெரியவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், உன் காலைப் பற்றிக் கேட்டாள். பிஸியோவுக்குப் போவதை விட்டுவிடாதே, உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்.

அடுத்த மாதக் கடைசியில் ஸ்வீடன். அங்கே ஓஜியேவும் இல்லை, லோபும் இல்லை, உனக்கும் எனக்கும் சண்டை போட ஆள் வேண்டும். நான் இப்போதே ரோவன்பெராவின் பக்கம் நிற்கிறேன். அப்புறம், அந்தப் பழைய ஸ்டாப்வாட்ச் உன்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று சாதிக்காதே, தென்னந்தோப்பில் அதை உன் சட்டைப் பையில் போட்டதை நான் பார்த்தேன். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, அனுப்பி வை.

உன்,
முருகேசு