மாத்திரையை விடாதே, தம்பி

யாங்கோன்

அன்புள்ள தம்பிக்கு,

"வெள்ளை அணு எண்ணிக்கைதான் குறைஞ்சிடுச்சே, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் மாத்திரையை விட்டா என்னம்மா?" என்று கேட்டாய். போனில் பேசினால் இருவருக்கும் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், உன்னைப் போல சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜீம்சா சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எங்கு பார்த்தாலும் ஊதா. ஒரே மரத்தில் பிஞ்சும் காயும் பழமும் சேர்ந்து தொங்குவதுபோல எல்லாப் பருவத்து வெள்ளை அணுக்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எலும்பு மஜ்ஜையிலேயே இருந்து முதிர வேண்டியவை ரத்தத்துக்குள் வந்திருக்கும். 9, 22 என்ற இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் உண்டாகிறது. பெருகச் சொல்லி ஓயாமல் உத்தரவு போடுவது அதுதான். அதை அடக்குவதுதான் உன் இமாட்டினிப். 2001-இல் அந்த மாத்திரை வருவதற்கு முன், நோயாளி வீட்டாரிடம் தைரியமாகச் சொல்ல எங்களுக்கு அதிகம் இருந்ததில்லை.

ஆனால் எல்லாப் புற்றணுவும் அந்த ஒரு உத்தரவை மட்டுமே நம்பிப் பிழைப்பதில்லை. நான் சொல்ல வந்ததே இதுதான்.

காய்ச்சலோ புண்ணோ வந்தால் உடம்பில் அழற்சி உண்டாகும். செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களைச் சுரக்கும். அவை மஜ்ஜையில் உள்ள செல்களின் ஏற்பியில் போய் ஒட்டும். ஜேக், ஸ்டாட் என்ற புரதங்கள் வழியாகச் சேதி உட்கரு வரை போகும். வெள்ளை அணு உற்பத்தி கூடும். கிருமி ஒழிந்ததும் சேதி அடங்கிவிடும். உன் நோயில் அது அடங்குவதில்லை. புற்றணுக்களே இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனைச் சுரக்கின்றன. எலிகளில் பார்த்தபோது, அது பக்கத்தில் இருந்த நல்ல செல்களைக்கூடப் புற்றணு போலவே நடக்க வைத்தது. ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களை ஸ்டெம் செல் என்போம். நோய்க்கு வேரான ஸ்டெம் செல்களின் மேல், இன்டர்லூகின்-1 என்ற இன்னொரு சைட்டோகைனின் சேதியை வாங்க உதவும் ஒரு புரதம் இருக்கிறது. நல்ல ஸ்டெம் செல்களில் அது ஏறக்குறைய இல்லை. ஆக, நல்லதைவிடக் கெட்டதுதான் அந்தச் சேதியை முந்திக் கேட்கிறது. மாத்திரை பிசிஆர்-ஏபிஎல்லை அடக்கிய பிறகும், சுற்றியுள்ள மஜ்ஜைச் செல்களின் சேதியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஸ்டெம் செல்கள் சாகாமல் கிடக்கும். உன் ரத்த ரிப்போர்ட்டில் வரும் பிசிஆர்-ஏபிஎல் சதவீதம் அவற்றைக் காட்டாது.

லண்டனில் 87 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. மாத்திரைப் புட்டியின் மூடியில் சின்ன சிப் வைத்து, எப்போது திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். முடிவு 2010-இல் வந்தது. போட வேண்டிய மாத்திரையில் 80 சதவீதத்துக்கு மேல் போடாத ஒருவருக்குக்கூட நோய் எதிர்பார்த்த அளவு அடங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் விட்டால் நீயும் அந்தக் கணக்கில்தான் வருவாய், தம்பி.

தட்டோன் மாமா, அழற்சிக்கு மஞ்சள் நல்லது, மாத்திரையாகவே கிடைக்கிறது என்கிறார். குழம்பில் போடுவது போதும். டாக்டரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரை எதுவும் வாங்காதே. அவர் கொடுத்தனுப்பும் பம்ளிமாஸும் இப்போது வேண்டாம். அந்த இனத்துப் பழங்கள் மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடலாம். சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்கும், நான் பேசிக்கொள்கிறேன்.

குமட்டல் வருகிறது என்றாயே, வெறும் வயிற்றில் போடுகிறாயா? சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடு. கால் பிடித்து இழுப்பதையும் டாக்டரிடம் சொல். மருந்தின் அளவை மாற்றுவதோ வேறு மருந்து தருவதோ அவர் வேலை. நோய் பல வருஷம் நன்றாக அடங்கியிருந்தவர்கள் டாக்டர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்த்து, ஏறக்குறைய பாதிப் பேர் மருந்தில்லாமலே இருக்கிறார்கள். உனக்கும் அந்த நாள் வரும் என்று நம்புகிறேன். அப்பா பீலிக்கான் கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறார். மாத்திரையை நிறுத்தும் அந்த நாளை நீயாகக் குறித்துக்கொள்ளாதே, அவ்வளவுதான்.

சரி, அடுத்த ரிப்போர்ட் வந்ததும் முழுத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பு. சதவீதத்தை மட்டும் வாயால் சொன்னால் எனக்குப் போதாது.

அன்புடன்,
அம்மா